கைக்கு மென்மை, காவிரிக்கு?

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் அருவியைப் பார்த்து விட்டு மட்டும் திரும்புவதில்லை.

எண்ணெய் தேய்த்துக் கொள்கிறார்கள். பாறையில் உட்கார வைத்து, உச்சந்தலையில் எண்ணெயைத் தட்டி, தோளைப் பிடித்து, முதுகை உருவி விடுகிறார்கள். உடம்பு வலி ஓடியே போய் விடுகிறது. பிறகு ஆனந்தமான குளியல்.

எண்ணெய் போக வேண்டுமே? "அண்ணே, கொஞ்சம் அரப்பு கொடுங்க!" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறக்கிறார்கள். தலையில் நுரை பொங்குகிறது. தண்ணீர் அதை அடித்துக் கொண்டு போகிறது.

எங்கே போகிறது?

மேட்டூர் அணைக்குப் போகிறது. 1934-ல் கட்டி முடித்த அணை அது. அங்கிருந்து ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சை என்று போகிறது. வழி நெடுக அதைக் குடிக்கிறார்கள். வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள்.

தர்மபுரிக்கும் காவிரிதான் கதி. இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். பல் மஞ்சளாகும், எலும்பு கெடும். அதனால்தான் ஜப்பான் நாட்டுக் கடன் உதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் குழாயில் வருகிறது.

அப்படிப்பட்ட ஆற்றில் கலக்கும் நுரை எப்படிப்பட்டது? இதைக் கேட்க வேண்டும். அந்த நுரை எப்படித் தயாரானது? இதையும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பெயர் வந்த கதை

"ஷாம்பு" என்பது வெள்ளைக்காரன் சொல் என்று நினைக்கிறோம். அது நம் நாட்டுச் சொல்!

இந்தியில் "சாம்போ" என்றால் "பிடித்து விடு", "அமுக்கி விடு" என்று பொருள். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது என்பவர் இங்கிலாந்துக்குப் போனார். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரைட்டன் நகரில் குளியல் நிலையம் நடத்தினார். உடம்பு பிடித்து விடுவதை அவர் "ஷாம்பு" என்று சொன்னார். அரச குடும்பத்தாரும் அவரிடம் வந்தார்கள். நாளடைவில் உடம்பு பிடிப்பது போய், தலை கழுவும் திரவத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக் கொண்டது.

அந்தத் திரவத்தை ஏழை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் தமிழ்நாட்டுக்காரர்தான். கடலூர் சின்னி கிருஷ்ணன் சிறு பாக்கெட்டில் பொருளை அடைத்து விற்கும் யோசனையைச் சொன்னவர். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் "சிக்" ஷாம்புவைத் தொடங்கினார். சில காசுக்கு ஒரு பாக்கெட்! புட்டி வாங்க முடியாதவர்களும் ஷாம்பு போட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நுரையும் பெருகியது. பாக்கெட் குப்பையும் பெருகியது.

தீக்குச்சி போன்ற பொருள்

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. இது எல்லோருக்கும் தெரியும். நுரைக்கும் பொருள் இரண்டையும் சேர்த்து வைக்கிறது.

அதன் உருவத்தைத் தீக்குச்சிக்கு ஒப்பிடலாம். தலை தண்ணீரை விரும்பும். குச்சி எண்ணெயை விரும்பும். குச்சிகள் எல்லாம் அழுக்கு எண்ணெயில் குத்தி நிற்கும். தலைகள் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக் கொண்டிருக்கும். தண்ணீரை ஊற்றியதும் எல்லாம் சேர்ந்து போய் விடும்.

சவுக்காரக் கட்டியும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. உப்பு நீரில், அதாவது கடின நீரில், அது நுரைக்காது. வெள்ளை வெள்ளையாகத் திரிந்து விடும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் துவைக்கும் பெண்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். இன்னொரு குறை, அதன் காரத் தன்மை. மனிதத் தோல் லேசான புளிப்புத் தன்மை உடையது. ஏழு என்பது நடுநிலை என்றால் தோல் ஐந்துக்குப் பக்கத்தில் இருக்கும். சவுக்காரம் ஒன்பது, பத்து என்று நிற்கும்.

அடுத்து வந்தவை சல்பேட் நுரைகள். சோடியம் லாரில் சல்பேட் இதில் பெயர் பெற்றது. விலை குறைவு, நுரை அதிகம். அது விஷம் என்று சிலர் பயமுறுத்துவது சரியல்ல. மண்ணிலும் நீரிலும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து விடும். ஆனால் தோலில் உள்ள இயற்கை எண்ணெயையும் சேர்த்துத் துடைத்து விடும். மென்மையான தோல் இதைத் தாங்காது.

பென்னாகரம் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம்.

"ஏம்மா, குழந்தைக்கு என்ன சோப்பு போட்டே? தோலெல்லாம் செவந்து கெடக்குதே!" என்கிறார் மாமியார்.

"புதுசா வந்ததுங்க அத்தே. மென்மையானதுன்னு மேலே எழுதியிருந்துச்சு" என்கிறாள் மருமகள்.

மேலே எழுதியிருந்தது. உள்ளே என்ன இருந்தது? மாமியாருக்கும் தெரியாது, மருமகளுக்கும் தெரியாது.

கடற்பாசியில் கிடைத்த புதையல்

உண்மையிலேயே மென்மையான நுரை ஒன்று உண்டு. அமினோ அமிலத்தில் செய்வது அது.

அமினோ அமிலம் என்றதும் மிரள வேண்டாம். பருப்பு, பால், முட்டை, மீன் இவற்றில் உள்ள புரதம் என்ன? அமினோ அமிலங்கள் கோத்த மாலைதான் புரதம். நம் தோல், முடி, நகம் எல்லாம் அதே மாலைதான்.

ஜப்பானில் கிகுனே இகேடா என்ற விஞ்ஞானி இருந்தார். வீட்டில் வைக்கும் கடற்பாசி ரசத்துக்கு ஏன் அத்தனை ருசி என்று ஆராய்ந்தார். 1908-ல் விடை கிடைத்தது. குளுட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலம்தான் அந்த ருசி. மறு ஆண்டே அது "அஜினோமோட்டோ" என்ற பெயரில் கடைக்கு வந்தது.

சமையலறைக்குப் போன அமிலம் குளியலறைக்கும் வந்தது. அதே நிறுவனம் 1972-ல் குளுட்டமிக் அமிலத்தோடு கொழுப்பு அமிலத்தைச் சேர்த்து நுரைப் பொருள் செய்து விற்றது. தீக்குச்சியின் தலை, அமினோ அமிலம். குச்சி, தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி இந்த லாரிக் அமிலம்தான்.

இந்த நுரை தோலின் புளிப்புத் தன்மையிலேயே வேலை செய்யும். தோல் எண்ணெயை அடியோடு உரிக்காது. கடின நீரிலும் சவுக்காரத்தைப் போலத் திரிந்து போகாது. தலையையும் குச்சியையும் சேர்க்கும் பிணைப்பு, புரதத்தில் உள்ள பிணைப்பைப் போன்றதே. ஆகவே ஆற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சுலபமாக உடைத்துத் தின்று விடும்.

அப்படியானால் எல்லாம் நல்லதுதானே? இங்கேதான் ஒரு சிக்கல்.

மென்மையான பிள்ளை, முரட்டுத் தாய்

கொழுப்பு அமிலமும் அமினோ அமிலமும் பக்கத்தில் வைத்தால் உடனே கை கோத்துக் கொள்ளாது. கொழுப்பு அமிலத்தைத் தூண்டி விட வேண்டும்.

அதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஷோட்டன், பௌமான் என்ற இருவர் 1880-களில் காட்டிய வழி. கொழுப்பு அமிலத்தை முதலில் அமிலக் குளோரைடாக மாற்ற வேண்டும். பிறகு காரம் சேர்த்து அமினோ அமிலத்தோடு இணைக்க வேண்டும்.

அமிலக் குளோரைடு எப்படிச் செய்வது? பாஸ்பரஸ் டிரைகுளோரைடு வேண்டும். அல்லது தயோனில் குளோரைடு வேண்டும். அல்லது பாஸ்ஜீன் வேண்டும். மூன்றும் பொல்லாதவை. தயோனில் குளோரைடு தண்ணீர் பட்டால் சீறும். பாஸ்ஜீன் முதல் உலகப் போரில் வீரர்களைக் கொன்ற விஷ வாயு. போபாலில் 1984 டிசம்பரில் கசிந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற வாயு வேறு. ஆனால் அந்த வாயுவைத் தயாரிக்கவும் பாஸ்ஜீன்தான் உதவியது.

குழந்தையின் கன்னத்துக்கு மென்மையான திரவம்! அதைச் செய்யும் தொழிலாளியின் மூச்சுக்கு மென்மையா?

கணக்கைப் பாருங்கள்

பள்ளிக்கூடப் பிள்ளை போடக் கூடிய ரசாயனக் கணக்கு இது.

குளுட்டமிக் அமில நுரைப் பொருள் 100 கிலோ செய்ய வேண்டும். தயோனில் குளோரைடு வழியில் போனால், கூடவே சுமார் 18 கிலோ கந்தக டை ஆக்சைடு வாயு வரும். சுமார் 10 கிலோ ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். இரண்டும் நெஞ்சை எரிக்கும் வாயுக்கள். வெளியே விடாமல் பிடித்துக் கரைக்க வேண்டும். இதோடு முடிந்ததா? கடைசியில் சுமார் 17 கிலோ உப்பும் வரும். உப்பு என்ன செய்யும் என்று கேட்கலாம். உப்பு நீரை வயலிலோ ஓடையிலோ விட்டால் அந்த மண் என்ன ஆகும் என்று விவசாயியைக் கேட்டால் தெரியும்.

இப்போது வேறு கணக்கு. கொழுப்பு அமிலத்தையும் அமினோ அமிலத்தையும் நேராகவே சேர்க்க முடிந்தால்? 100 கிலோ சரக்குக்குக் கழிவு என்ன? சுமார் 5 கிலோ தண்ணீர்! வெறும் தண்ணீர்!

வாயுவும் உப்பும் சேர்த்து 45 கிலோ எங்கே, 5 கிலோ தண்ணீர் எங்கே!

போட்ட பொருளில் எவ்வளவு சரக்காக வருகிறது, எவ்வளவு கழிவாகப் போகிறது என்று பார்க்கும் இந்தக் கணக்கை 1991-ல் அமெரிக்க விஞ்ஞானி பாரி டிராஸ்ட் வலியுறுத்தினார். 1998-ல் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் இருவரும் பசுமை ரசாயனத்துக்கு 12 விதிகள் வகுத்தார்கள். முதல் விதி என்ன தெரியுமா? கழிவு வந்த பிறகு சுத்தம் செய்வதை விட, வராமலே தடுப்பது மேல். வீடு பெருக்கும் எந்தத் தாயும் சொல்லக் கூடிய விதிதான்!

பசுமை வழிகள்

வழிகள் பல இருக்கின்றன. எல்லாவற்றிலும் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு.

ஒன்று, சூட்டில் நேராகச் சேர்ப்பது. சில அமினோ அமிலங்களுக்கு இது ஒத்து வரும். குளுட்டமிக் அமிலம் அதிகச் சூட்டில் உருமாறி விடும். ஆகவே எல்லாவற்றுக்கும் இது ஆகாது.

இரண்டு, எண்ணெயை அப்படியே எடுத்துக் கொள்வது. தேங்காய் எண்ணெயோடு அமினோ அமிலத்தின் உப்பைச் சேர்த்துச் சூடாக்கினால், நுரைப் பொருளும் வரும், கிளிசரினும் வரும். கிளிசரின் தோலுக்கு நல்லது. அதைப் பிரித்து எறிய வேண்டியதில்லை. கழிவே சரக்காகி விடுகிறது!

மூன்று, நொதிகள். நம் வயிற்றில் உணவைச் செரிக்க வைப்பவையும் நொதிகள்தான். இளஞ்சூட்டிலேயே அவை வேலை செய்யும். ஆனால் மெதுவாகச் செய்யும். விலையும் அதிகம்.

நான்கு, நுண்ணுயிர்கள். 1968-ல் ஜப்பானில் ஒரு மண் பாக்டீரியா தானாகவே ஒரு நுரைப் பொருளைச் செய்வதைக் கண்டார்கள். அதற்கு "சர்பாக்டின்" என்று பெயர். ஏழு அமினோ அமிலங்களும் ஒரு கொழுப்பு அமிலமும் சேர்ந்தது அது. குளோரைடு இல்லை, பாஸ்ஜீன் இல்லை. மனிதன் பெரிய கொப்பரையில் அமிலப் புகையோடு போராடிச் செய்வதைக் கண்ணுக்குத் தெரியாத உயிர் சத்தமில்லாமல் செய்கிறது!

நம் நாட்டிலும் முயற்சி நடக்கிறது. மும்பையில் 1980-ல் தொடங்கிய கேலக்ஸி சர்பாக்டன்ட்ஸ் என்ற நிறுவனம் அமினோ அமில நுரைப் பொருள்களைத் தயாரிக்கிறது. அமிலக் குளோரைடு செய்யும்போது வழக்கமாக ஒரு தூண்டு பொருள் சேர்ப்பார்கள். பிறகு அதைப் பிரித்து எடுக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கடைசியில் வர வேண்டிய நுரைப் பொருளையே கொஞ்சம் எடுத்து, தூண்டு பொருளாகப் போடும் முறைக்கு அந்த நிறுவனம் காப்புரிமை பெற்றது. பாலில் நேற்றைய தயிரைக் கொஞ்சம் உறை ஊற்றுவது போல! பிரிக்கும் வேலையும் இல்லை. அந்தக் கழிவும் இல்லை. குளோரைடு இன்னும் போகவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு படி முன்னேற்றம்.

மரவள்ளியும் தேங்காயும்

இதனால் தர்மபுரிக்கு என்ன லாபம்?

குளுட்டமிக் அமிலம் எதிலிருந்து வருகிறது? முன்பு கோதுமைப் புரதத்தை அமிலத்தில் வேக வைத்து எடுத்தார்கள். 1956-ல் ஜப்பானில் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். சர்க்கரையைக் கொடுத்தால் அது குளுட்டமிக் அமிலமாக மாற்றித் தரும். சர்க்கரையை மாவுப் பொருளிலிருந்து எடுக்கலாம். தாய்லாந்தில் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்தே செய்கிறார்கள்.

மரவள்ளி! தர்மபுரியில் விளையும் பயிர் அல்லவா? அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் போனால் மரவள்ளிக் காடுதான். சேலத்தில் ஜவ்வரிசி, மாவு உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981 முதல் இருக்கிறது. விலை விழுந்தால் விவசாயி தலையில் கை வைத்துக் கொள்கிறான். ஜவ்வரிசிக்கும் மாவுக்கும் மட்டும் போகும் கிழங்கு, இன்னொரு தொழிலுக்கும் போனால் நல்லதுதானே? தேங்காய்க்கும் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. தலையும் இங்கே விளைகிறது. குச்சியும் இங்கே விளைகிறது. இரண்டையும் சேர்க்கும் ஆலைதான் இல்லை!

பட்டும் இருக்கிறது. தர்மபுரியில் அரசின் பட்டுக்கூடு அங்காடி நடக்கிறது. பட்டுக்கூட்டில் ஏறக்குறைய கால் பங்கு "செரிசின்" என்ற பசை. அதுவும் புரதம்தான், அமினோ அமில மாலைதான். நூலைக் காய்ச்சிப் பசையை நீக்கும்போது பெரும்பாலும் அது கழிவு நீரோடு போய் விடுகிறது. அதைப் பிடித்துப் பயன்படுத்த முடியாதா? நம் கல்லூரி மாணவர்கள் இதை ஆராய வேண்டும்.

ஆனால் ஒன்று. ஆலை வரும்போது பழைய குளோரைடு வழியோடு வந்தால், அது வராமலே இருப்பது நல்லது. குடிக்கும் தண்ணீருக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த மாவட்டம் இது. உப்புக் கழிவையும் அமிலப் புகையையும் விலை கொடுத்து வாங்கக் கூடாது.

சீயக்காய் போதாதா?

"இவ்வளவு எதற்கு? பாட்டி போட்ட சீயக்காயும் அரப்பும் இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள்.

கிடைப்பவர்கள் தாராளமாகப் போடலாம். அவற்றில் உள்ள சபோனின் என்ற பொருள்தான் நுரைக்கிறது. ஆனால் கோடிக்கணக்கான தலைகளுக்குக் காட்டு மரம் தாங்குமா? கண்ணில் பட்டால் அதுவும் எரியும். சபோனின் மீனுக்கும் ஆகாது. காட்டுக்காயை நசுக்கிக் குட்டையில் போட்டு மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் பல நாடுகளில் உண்டு.

இயற்கை என்பதாலேயே எல்லாம் நல்லது அல்ல. ரசாயனம் என்பதாலேயே எல்லாம் கெட்டதும் அல்ல. எதில் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், கழிவு எங்கே போனது. இந்த மூன்றையும் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

அமினோ அமில நுரை இன்று விலை அதிகம். சல்பேட்டைப் போலப் பல மடங்கு. அதனால் பணக்காரர் வீட்டுப் புட்டியில்தான் அதைப் பார்க்க முடிகிறது. ஏழைக் குழந்தையின் தோலும் தோல்தானே?

விலை குறைய வேண்டுமானால் கழிவு குறைய வேண்டும். கழிவைப் பிடிக்கவும், கரைக்கவும், அகற்றவும் செலவு ஆகிறது. அந்தச் செலவும் புட்டியின் விலையில்தான் ஏறுகிறது. சில கம்பெனிகள் அந்தச் செலவைச் செய்வதில்லை. அப்போது அதை ஆறு கொடுக்கிறது. ஆற்றோரத்து மக்கள் கொடுக்கிறார்கள்.

ஆகவே அரசு, பசுமை வழியில் செய்யும் ஆலைக்குச் சலுகை தர வேண்டும். சென்னையில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புரதத்திலும் ரசாயனத்திலும் தேர்ந்த விஞ்ஞானிகள் அங்கே இருக்கிறார்கள். மரவள்ளியையும் பட்டுப் பசையையும் அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கலாம்.

கம்பெனிகள் "மென்மை" என்று பெரிய எழுத்தில் போட்டால் மட்டும் போதாது. எந்த வழியில் செய்தது என்பதையும் போட வேண்டும். மேலே குழந்தை படம், கீழே மௌனம் என்பது நியாயம் அல்ல.

குடும்பத்தாருக்கும் வேலை உண்டு. புட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாம். "கோகோயில் குளுட்டமேட்", "கோகோயில் கிளைசினேட்", "லாராயில் சார்க்கோசினேட்" என்று இருந்தால் அது அமினோ அமில நுரை. பட்டியலின் தொடக்கத்தில் இருந்தால் அளவு அதிகம். கடைசியில் இருந்தால் பெயருக்குத்தான். படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம்.

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக் கொள்ளட்டும். ஆனந்தமாகக் குளிக்கட்டும். எந்த நுரையானாலும் அளவோடு போடட்டும். காலிப் பாக்கெட்டைப் பாறை இடுக்கில் செருகாமல் கையோடு எடுத்து வரட்டும்.

நுரை ஒரு நிமிடத்தில் மறைந்து விடும். அதைச் செய்யும்போது வந்த உப்பும் புகையும் மறைவதில்லை. அவை எங்கோ ஓர் ஊரில் தங்கி விடுகின்றன. அந்த ஊரிலும் ஒரு தாய் குழந்தையைக் குளிப்பாட்டிக் கொண்டிருப்பாள்.